எண்ணாமல் நடந்த வாரம்

அவர் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘விசில் சார்’. அணிவகுப்பில் ஒரே ஒரு கை சோம்பினாலும் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்துவிடுவார். அவருடைய இடது கையே வீசாமல் நின்றுபோனதை மட்டும் அவர் மனைவிதான் முதலில் கவனித்தார்.

பார்க்கின்சன் நோய், ஆரம்ப நிலை என்றார் எங்கள் மருத்துவர். மருத்துவமனையில் நாலு எட்டு நடக்கச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து நடந்து காட்டிவிடுவார்கள். வீட்டிலும் தெருவிலும் நடக்கிற நடையைப் பார்த்தால்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய முடியும். அதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்த பட்டையை ஒரு வாரம் இடுப்பில் கட்டி அனுப்புவோம். கட்டிவிடுவது என் வேலை.

“ரிசல்ட் என்னிக்கும்மா வரும்?” என்று கேட்டார்.

“இது பரீட்சை இல்ல சார். எப்பவும் போல நடங்க, போதும்.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். யாரோ அளக்கிறார்கள் என்றால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்வது எனக்கும் பழக்கம்தான். பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் கணினியில் அவர் நடை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. “பிரமாதம். மருந்தை ஏத்த வேண்டியதில்ல” என்றார் மருத்துவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், இது இவர் நடையே இல்ல. அதைக் கட்டின நிமிஷத்துலேர்ந்து வீட்டுல பரேடுதான். தண்ணி குடிக்கப் போனாக்கூட வாய்க்குள்ள லெஃப்ட், ரைட். ராத்திரி கழட்டி வச்சதும் பாத்ரூம் வாசல்ல கால் தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கிறார்.”

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?”

“இருந்தேனே, ஒரு வாரமா.”

நான் சிரித்துவிட்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை. “எண்ணிக்கிட்டு நடந்தா கால் ஒழுங்கா வரும் சார். எண்ண மறந்த நேரத்துலதான் விழுவீங்க. பொய்க் கணக்கைப் பார்த்து நான் எப்படி மருந்து எழுதறது?”

அவர் தலை நிமிரவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன. “காப்பியடிச்சுட்டேன்” என்றார். பிறகு பட்டையை எடுத்துத் தானே கட்டிக்கொண்டார்.

மறுவாரம் வந்தபோது மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். நான் பட்டையை அவிழ்க்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எண்ணலம்மா. மைதானத்துலயும் எண்ணல. பசங்க வரிசையா நின்னுட்டிருந்தாங்க. ஒருத்தன் சிரிச்சான். அது பரவாயில்ல, நான் அவங்களைத் திட்டாத திட்டா? பக்கத்துல இருந்தவன் அவனை முழங்கையால இடிச்சு, ‘டேய், பாவம்டா’ன்னான். அந்த இடத்துலேர்ந்து ஸ்டாஃப் ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு.”

“நல்லா நடந்திருக்கீங்க சார்” என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன்.

திரையில் குட்டிக் குட்டி அடிகள். திரும்பும் இடங்களில் எல்லாம் தயக்கம். மருத்துவர் மருந்தை மாற்றி எழுதினார். இது சரியாக வேலை செய்யும் என்றார்.

“இதை அவளுக்குக் காட்டணுமா?” என்று விசில் சார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாம் சார்.”

வெளியே வந்ததும் மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் எண்ணாமல்தான் நடந்தார், உதடுகள் அசையவில்லை. நீள நடைவழியில் கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு போயின. மனைவி கைப்பையில் எதையோ தேடுவதுபோல் இரண்டடி பின்தங்கியே நடந்தார். தேட அதில் எதுவும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

நின்று பார்ப்பது தப்பு என்று பட்டது. கதவைச் சாத்தினேன்.