சாய்வில்லாத விசா அதிகாரி

அமெரிக்கா போகிறவர்களுக்கு அமீர்பேட்டையில் ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுத்த சக்ரபாணி, தாம் மட்டும் விஜயவாடாவைத் தாண்டியதில்லை. பட்டாளத்துக் குமாஸ்தாவாகக் கொள்ளுத்தாத்தா செகந்திராபாத் வந்ததோடு அந்தக் குடும்பம் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது. ஊரே பெட்டி கட்டிக்கொண்டிருந்த 2004இல் இது ஏறக்குறைய தேசத்துரோகம்.

அவருக்குப் புகழ் வந்தது ஒரே சொல்லால்: 'டிஸ்பாஷனேட்லி'. "உணர்ச்சி இல்லாமல்" என்று எவனாவது பொருள் எழுதினால் அந்த விடையை அடித்துவிடுவார். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று செகந்திராபாத் உருது அவர் தமிழில் கலந்திருந்தது.

"கைக்கு அப்படி எழுதறே? மரக்கட்டைக்கும்தான் உணர்ச்சி இல்லை. மரக்கட்டை டிஸ்பாஷனேட்லி தீர்ப்புச் சொல்லிச்சுன்னு எழுதுவியா? ஆசை இருக்கணும். அது தராசுத் தட்டுல கை வைக்காம, சாய்வில்லாம பாத்துக்கணும். இந்தச் சொல்லைச் சாப்பிட்டான், தூங்கினான்கூடச் சேக்காதே. பார்த்தான், எடைபோட்டான், தீர்ப்புச் சொன்னான், இதுங்களோடதான் போகும்."

மாலையில் நேர்காணல் ஒத்திகை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விசா அதிகாரியாகச் சக்ரபாணி அமர்வார். படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்கு ஏன் திரும்புவீர்கள் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. அதில் அவர் தேர்ச்சி கொடுத்தால் நிஜ விசாவே கிடைத்த மாதிரி என்று ஹாஸ்டல்கள் பேசிக்கொண்டன.

அதே மையத்தில் கணக்கு எடுத்தவள் கும்பகோணத்து மங்கையர்க்கரசி. இடைவேளையில் வரும் ஒஸ்மானியா பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, சரிபாதி என்று சாதிப்பாள். பெரிய பாதி எப்போதும் சக்ரபாணி பக்கம் இருக்கும். கணக்கு வாத்தியார் பின்னத்தில் தவறுவதைப் பற்றி அவர் இரவெல்லாம் யோசித்ததுண்டு.

அவளுக்கும் மேல்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. ஒத்திகைக்கு வந்தாள். அப்பா, அம்மா, கும்பகோணத்து வீடு என்று காரணம் சொன்னாள். அதிகாரி தள்ளுபடி செய்தார். மறுவாரமும் தள்ளுபடி. மூன்றாம் வாரமும். தேர்ச்சி பெற்றவர்கள் மறுபடி ஒத்திகைக்கு வருவதில்லை என்ற நிர்வாக உண்மையை அதிகாரி நன்கு அறிவார்.

"சார், திங்கக்கிழமை சென்னைல இன்டர்வியூ. வேணாம்னு விட்டுடறேன்" என்றாள் ஒருநாள், தடுப்புக்கு இப்பால் நின்றபடி.

"கைக்கு?"

"நீங்களே மூணு தடவை தள்ளிட்டீங்க. உங்க தீர்ப்புல சாய்வே கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். அங்க வேற போய் அவமானப்படணுமா? இங்கயே கணக்கு எடுத்துக்கிட்டு இருந்துடறேன்."

தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனார். தாம் கற்பித்த சொல் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"நக்கோ. போங்க. அந்த மூணு தீர்ப்பும் செல்லாது."

"ஏன்?"

"அதிகாரிக்கு அதுல சொந்த நலன் இருந்திச்சு."

அவள் கண்ணாடிக்கு அருகில் வந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"முதல் பிஸ்கட்லேர்ந்து."

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கடைசிக் கேள்வியைக் கேளுங்க."

கேட்டார். அப்பா, அம்மா, கும்பகோணத்து வீடு. இன்னும் ஒரு பெயர் வருமோ என்று அதிகாரி கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. தேர்ச்சி என்றார்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது.

"கெடைச்சிடுச்சு சார்."

"சந்தோஷம்."

"ஒரு கேள்விக்கு என்னை என்ன பாடு படுத்தினீங்க. அங்க அந்த ஆளு அதைக் கேக்கவே இல்ல. படிப்பு, பணம், அதோட சரி. திரும்பி வருவியான்னு உங்களைத் தவிர யாருமே கேக்கல சார்."

"பதில் சொல்லணும்னு இல்ல."

"தெரியும். அதான் சொல்லாம வச்சிருக்கேன்."

அன்று மாலை பிஸ்கட்டைச் சக்ரபாணி தாமே உடைத்தார். எது பெரிய பாதி என்பதை டிஸ்பாஷனேட்லி எடைபோட்டு, அதை அவள் உட்காரும் எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தார்.