அம்மாவின் குப்பை

என் அம்மாவுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பாள். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். யார் எதிரே வந்தாலும் அவள் கண் முதலில் அவர்கள் மூக்குக்குத்தான் போகும். ஃபிரேம் கோணலாக இருந்தால் கேட்காமலே கழற்றி, வளைத்து, திரும்ப மாட்டிவிட்ட பிறகுதான் "வாங்க, உக்காருங்க" என்பாள். இதற்குப் பயந்தே என் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் வந்து தடுக்கி விழுவாள்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

அம்மா பல வருஷமாக வைத்திருந்த மின்னஞ்சல் கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. சாத்துவதற்கு முன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. "நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. எங்கள் வீட்டுக் குழாயையும் மிக்சியையும்கூட அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்றுவரை இரண்டும் ஓடவில்லை. மெயில்களை ஃபோல்டர் ஃபோல்டராக பேக்கப் எடுத்து ஒரு டிஸ்க்கில் போட்டார். சனிக்கிழமை ராத்திரியோடு பழைய கணக்கு மூடியது. அம்மா வேறு கம்பெனியில் புதுக் கணக்கு ஆரம்பித்தாள். அப்பா பேக்கப்பை அதில் ஏற்றிவிட்டு, பெரிய பாலம் கட்டி முடித்தவர் மாதிரி குளிக்கப் போனார்.

மெயில்கள் ஏறின. பெயர்கள் ஏறவில்லை. அம்மா ஃபோல்டர்களுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பாள்: கடை, கரண்ட் பில், சொந்தம், நச்சரிப்பு. அதெல்லாம் இப்போது ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் பிதற்றிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, திரும்பப் பெயர் வைத்துக்கொண்டே போனாள். கடைசி ஃபோல்டரும் முடிந்தது.

"குப்பையக் காணோம்டி," என்றாள். குரல் சரியில்லை.

குப்பை என்பது என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. மெஷின் உதிரிப் பாகம் விற்பவர். ஊர் ஊராக அலைந்து, தங்குகிற விடுதியிலிருந்தெல்லாம் அக்காவுக்கு எழுதுவார். மூட்டைப்பூச்சி, பக்கத்து அறைக்காரன் குறட்டை, மேனேஜரின் விக், எல்லாம் அதில் இருக்கும். முதல் மெயிலிலேயே, "தூக்கம் வராம எழுதற குப்பைக்கா, படிச்சுட்டுத் தூக்கிப் போடு" என்று எழுதியிருந்தார். அம்மா 'குப்பை' என்றே ஒரு ஃபோல்டர் ஆரம்பித்து அதில் போட்டாள். அதற்குப் பிறகு வந்த அத்தனையும் அதிலேதான்.

இந்த வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதில் மட்டும் வராது. கல்யாணம் ஆகாதவர், எங்கள் முன்னறையில்தான் இருக்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் படத்தைக் காட்டி "நாற்காலி சொல்லுங்க, பந்து சொல்லுங்க" என்பார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் மேடையேறி, மைக் பிடித்து எல்லாரையும் சிரிக்கவைத்த மனுஷனிடம் போய் பந்தாம் பந்து!

போன தடவை அந்தப் பெண்ணே அலுத்துப்போய் அம்மாவிடம் சொன்னார். "அவர் பேசற மாதிரியே அவர் எழுதினது ஏதாவது இருக்காம்மா? அதை வாசிச்சுக் காட்டி, கடைசி வார்த்தைய மட்டும் விட்டு நிறுத்தலாம். அவரா முடிப்பார். அதுக்கும் இப்படியே திரும்பிப் படுத்துட்டார்னா, நான் வந்து பிரயோஜனம் இல்லம்மா."

மாமாவின் கணக்கும் அதே கம்பெனியில்தான் இருந்தது. பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருந்தது. கேட்டால் எப்படிச் சொல்வார்? இப்போது அந்தக் கணக்கும் கம்பெனியோடு போயிற்று.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"குப்பைய என்ன பண்ணீங்க?"

"அதுல இருந்த டிக்கை எடுத்துட்டேன். லிஸ்ட்ல ரெண்டு குப்பை இருந்துது. ரெண்டையும் விட்டுட்டேன். வீடு மாத்தறப்ப யாராவது குப்பையக் கட்டி எடுத்துட்டுப் போவாங்களா?"

"ஒண்ணு அழிச்ச மெயில் போறதுக்குக் கம்பெனி வெச்ச குப்பை. இன்னொண்ணு என் தம்பிங்க!"

அப்பா துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேக்கப் எடுக்கும்போதே விட்டிருக்கிறார். டிஸ்க்கிலும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிஸ்க்கை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அம்மா திட்டக்கூட இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், செருப்பை மாட்டினாள், கழற்றினாள். பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரை போனில் பிடித்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல கடைலதானேக்கா மெயில் பாப்பீங்க? அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி தங்கியிருக்கலாம்," என்றார் அவர். "ஆனா ஆன் பண்றதுக்கு முன்னால நெட் வயரைப் பிடுங்கிடுங்க. அது பாட்டுக்குக் கம்பெனியப் போய்க் கேட்கும். அங்க ஒண்ணும் இல்லைன்னா இங்க இருக்கறதையும் தொடைச்சாலும் தொடைச்சிடும்."

கடைச் சாவி அம்மாவிடம்தான் இருக்கும். ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, மேஜைக்கடியில் புகுந்து கைக்கு அகப்பட்ட வயரையெல்லாம் பிடுங்கினாள்.

"கரண்ட் வயரையும் பிடுங்கிட்டா எதுலம்மா ஆன் பண்றது?"

"வாய மூடிட்டு மாட்டுடி!"

நெட் வயரைத் தனியே எடுத்து என் கையில் கொடுத்து, பாம்பைப் பிடிப்பதுபோல் பிடிக்கவைத்தாள். கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒரு யுகம் ஆயிற்று. அதற்குள் அலமாரியில் இருந்த ஃபிரேம்களைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததைத் திரும்பத் துடைத்தாள். மெயில் திறந்தது. இடது பக்கம் நல்ல தமிழில் வரிசையாக இருந்தன: கடை, கரண்ட் பில், குப்பை.

அம்மா அழுதுவிட்டாள். பென் டிரைவில் எடுத்தோம், வீட்டுக்கு வந்து புதுக் கணக்கில் ஏற்றினோம். அப்பா கிட்டே வந்தார். "தொடாதீங்க" என்றேன். பாவம், தள்ளிப் போய் நின்றார்.

பயிற்சிக்காரர் வருகிறவரை அம்மாவுக்குப் பொறுக்குமா? அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"'இந்த ரூம்ல காத்தாடிய விட வேகமா சுத்தறது...' என்னடா அது? சொல்லு."

மாமா சுவரைப் பார்த்தார். இன்னொன்று வாசித்தாள். அதற்கும் ஒன்றுமில்லை. அடுத்ததும் அப்படியே போயிற்று. அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

வேறொன்றை எடுத்தாள். மாமா எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போனதும் எழுதியது. வாசித்துக்கொண்டே வந்தவள், வாசற்படியில் நின்ற அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள்.

மாமா திரும்பினார். கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார்.

"என்னடா? என்ன விட்டேன்?"

மறுபடி அடித்தார். முகம் சிவந்து, உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்தது.

"அதெல்லாம் வேண்டாம்டா, அவர் நிக்கறார்..."

"அ... அத்... அத்தான்," என்றார் மாமா. "வா... வாத்து."

நான் எட்டி, அம்மா தாண்டிய வரியை ஸ்கிரீனில் பார்த்தேன். 'காலைல பாத்ரூமுக்கு அவசரமா போறப்ப, அக்கா, உன் புருஷன், எங்க அத்தான், சாட்சாத் வாத்து.'

அப்பா கட்டிலருகே வந்து தரையில் உட்கார்ந்து, மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"ஆமாம் மச்சான், வாத்துதான். இன்னொரு தடவை சொல்லு."