ஷாம்பூ பாக்கெட்

வடக்கே ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தேன். கரையில் கிடந்த ஷாம்பூ பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அப்பாவின் பார்வை அது. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்து போர்வெல் தண்ணீர், தை மாதக் குளிரில் வெதுவெதுப்பாகக் கொட்டும். பாண்டியிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களை, சோப்பு வாசனை வருகிறதா என்று அப்பா கிட்டப் போய் மோந்து பார்ப்பார். நுரை கலந்தால் உப்பு கெட்டுவிடுமாம்.

ஒருநாள் வாய்க்காலில் பாக்கெட் மிதந்தது. வந்திருந்த இருவரையும், "ஏம்பா, குளிக்கிற எடமா இது? கெளம்புங்க!" என்று விரட்டினார். வீட்டுத் தண்ணீர் சில்லென்று இருந்ததால் அங்கே தலைக்குக் குளித்தவள் நான். என் ஜடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்பா என்னை மட்டும் மோந்து பார்க்கவில்லை.

காவலாளியிடம் என்னுடையதில்லை என்று தலையாட்டினேன். உண்மைதான். ஆனாலும் அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.