உடையாத கப்புகள்

கொளஞ்சிநாதன் அண்ணன் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவர். வேர்த்துக் கொட்டும்போதெல்லாம், "ஒரு தடவையாவது லடாக்கு போயி பனியில நிக்கணும்யா" என்பார். ஓய்வு பெற்றதும் அந்த ஆசை முற்றிவிட்டது. மனைவி பூர்ணிமா அக்காவோடு வண்டியிலேயே போய், வழியில் சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்க வேண்டுமாம். அக்கா வராவிட்டால் தானும் போவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

எந்த வண்டி என்பதில்தான் இழுபறி. பிக்கப் என்றால் பின்னால் கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றலாம். எஸ்யூவி என்றால் உட்காரச் சுகம். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு, கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

கடைசியில் தான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனி வழக்கத்தையே கையில் எடுத்தார். சரக்கேற்றப் புது வண்டி வந்தால், வைக்கோல் வைக்காமல் ஒரு பெட்டி கப்புகளை ஏற்றி மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். உடைந்தால் வண்டி ஆகாது. பழைய வண்டி விற்கும் சாமிதுரையிடம் இரண்டையும் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அக்கா முன் சீட்டில், பெட்டி பின்னால். கருவேப்பிலங்குறிச்சி வரை போய்த் திரும்பினால், பிக்கப்பில் பாதிக் கப்பு நொறுங்கியிருந்தது. மறுநாள் எஸ்யூவி.

வாசலில் நிறுத்தியதும் இறங்கி ஓடிப் பெட்டியைத் திறந்தார். "ஒண்ணுகூட ஒடையல! இதான் நம்ம வண்டி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

முன் கதவு திறந்திருந்தது. அக்கா இறங்கவில்லை. கதவைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கப்ப வுட்டுட்டு அக்காவப் பாருங்கண்ணே!" என்று கத்தினேன்.

"இடுப்பு புடிச்சிக்கிச்சுங்க" என்றார் அக்கா. "ரொம்ப நாளாவே வலி இருக்குது. ஆசையா கெளம்புறீங்களேன்னு சொல்லல. எந்த வண்டின்னாலும் என்னால அவ்ளோ தூரம் உக்கார முடியாது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

அண்ணன் கையில் இன்னும் ஒரு கப்பு இருந்தது. எத்தனை வருடத்து ஆசை! பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது சாமிதுரை போன் செய்தான். "எந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இருப்பா" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "மொதல்ல இவள எறக்கிக்கிறேன்."