பாதி மாத்திரை

அந்த வீட்டின் இளைய மருமகளுக்கு மாமனார் வைத்த பெயர் ‘கேள்வி’. மூக்குள்ளவரை சளி இருக்கும், இவளுக்கு வாயுள்ளவரை சந்தேகம் இருக்கும் என்பார். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் குடும்பப் பட்டறையில் அவளுக்கும் மூத்தவளுக்கும் எதிரெதிரே தையல் மிஷின்கள். ஒருத்தி ரெக்சினை வெட்டினால் மற்றவள் ஓரம் அடிப்பாள். எள்ளானாலும் ஏழாகப் பங்கு என்பது ஓரகத்திகள் இருவருக்கும் வேதவாக்கு.

மார்பகப் புற்றுநோயும் அப்படித்தான் வந்தது. இருவருக்கும் ரத்த உறவு கிடையாது, ஆனாலும் ஒரே ஆண்டில் இருவருக்கும் கட்டி. ஒரே மருத்துவமனையில் அறுவை, ஒரே சமயத்தில் முடி கொட்டி ஒரே சமயத்தில் முளைத்தது. சிகிச்சை முடிந்தபோதுதான் வண்டி தடம் மாறியது. மூத்தவள் தினமும் ஒரு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டுமாம். இளையவளுக்கு மாத்திரையே இல்லை, செக்கப்புக்கு வந்தால் போதுமாம்.

“ஏன்க்கா, ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே?”

“கூட்டத்துல மறந்திருப்பாங்க. விடு.”

மூத்தவளால் விட முடியவில்லை. தனக்கு மட்டும் மருந்து கிடைத்தது அவளுக்குத் தொண்டை முள்ளாக உறுத்தியது. மறுநாள் காலையில் மாத்திரையைக் கத்தரியால் இரண்டாக நறுக்கி ஒரு பாதியை நீட்டினாள். இளையவள் மகிழ்ச்சியாக வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் இதே கூத்து நடந்தது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த செக்கப்புக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கேள்விக்கு வாய் சும்மா இருக்குமா?

“டாக்டரம்மா, பாதி மாத்திரை போட்டாலும் முழு மாத்திரை அளவுக்கு வேலை செய்யுமா?”

“பாதி போடறது யாரு?”

மூத்தவள் மின்விசிறியைப் பார்த்தாள். விஷயம் வெளியே வந்தது. டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

“நோயோட பேருதான் ஒண்ணு, வகை வேற. அவங்களுக்கு வந்தது ஹார்மோனைத் தின்னு வளர்ற கட்டி. இந்த மாத்திரை அந்தத் தீனியைத் தடுக்குது. பத்து வருஷம் கழிச்சுக்கூட அது திரும்பி வரலாம், அதனாலதான் தினமும் முழுசாப் போடணும். உங்க கட்டி ஹார்மோன் பக்கமே போகாத வகை. இந்த மாத்திரை அதை ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு முதல் மூணு வருஷம்தான் ஆபத்து அதிகம். அஞ்சு வருஷம் தாண்டிட்டா நல்லாவே குறைஞ்சிடும்.”

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

“அப்ப நான் தின்ன பாதி?”

“உங்களுக்கு வீண். அவங்களுக்கு நஷ்டம்.”

“அக்காவுக்குத் திரும்பி வந்துடுமா?”

“வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. இன்னிலேருந்து முழுசாப் போடட்டும். நாங்க விடாம பாத்துக்கறோம்.”

பஸ்ஸில் இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அக்காவின் உயிருக்கான காவலில் பாதியைத் தானே தின்று தீர்த்துவிட்டோமே என்ற அழுகை.

“உங்க பங்கைத் தின்னுட்டேன்க்கா.”

“நீயா திருடின? நான்தானே குடுத்தேன்.”

“எனக்கு அஞ்சு வருஷத்துல பயம் குறைஞ்சிடும். உங்களுக்குக் கடைசி வரைக்கும் கூடவே இருக்குமே. இது என்ன நியாயம்?”

மூத்தவள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“முதல்ல நீ அந்த அஞ்சைத் தாண்டு. அப்புறம் என் பயத்துல பாதியை நீ வாங்கிக்க. மாத்திரையை மட்டும் கேக்காதே.”