புதூர் கல்கிடங்கில் வெடித்தது

சத்யபிரியாவுக்கு இடது காது கேட்காது. கோவில்பட்டி பக்கம் வந்தால் அவளையே விசாரித்துப் பாருங்கள். வலது பக்கமாக நின்று கேளுங்கள். கூட்டாமல் குறைக்காமல் இதைத்தான் சொல்வாள். பேய், பிசாசு என்று நடுங்குகிற பெண் இல்லை அவள். கடல் விஞ்ஞானம் படித்தவள். அவள் சொன்னதால்தான் நானும் நம்புகிறேன்.

2002, மார்கழி மாதம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருந்த நவநீதகிருஷ்ணனின் மகள். தூத்துக்குடியில் தங்கிப் பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் இறங்குவதுதான் வேலை. கரிசக்காட்டுப் பெண்ணுக்குக் கடலுக்கடியில் என்ன சோலி என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவள் அங்கே பார்த்தது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. பாறைகளின் மேல் வெடி போட்டு மீன் பிடித்தார்கள். வெடி விழுந்த இடத்தில், தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பவளம் ஜல்லிக்கல்லாகச் சிதறிக் கிடக்கும். கிளிமீன்கள் வயிறு கிழிந்து, கண் பிதுங்கி, அடியில் குவிந்து கிடக்கும். மிதப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு படகுகள் போய்விடும். மிச்சம் அங்கேயே அழுகும்.

அந்த வெடிகளைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவன் வெயிலுமுத்து. புதூர் பக்கத்துக்காரன். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவன். சோடா பாட்டிலில் வெடிமருந்தை அடைத்து, தண்ணீருக்குள்ளும் அணையாத திரி வைத்துக் கொடுப்பான். ஊருக்கு வெளியே, கல் உடைத்தெடுத்த பெரும் பள்ளமாகக் கைவிட்டுப்போன கல்கிடங்கு ஒன்று இருந்தது. மழைக்கு நிரம்பிக் கிடந்த அந்தக் கிடங்கில்தான் வெடிகளைப் போட்டுப் பார்ப்பான். சில நாட்கள் படகேறிக் கடலுக்கும் போவான்.

சத்யபிரியா அவன்மேல் புகார் கொடுத்தாள். அது எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து அவளை மறித்தான். கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னான்.

"கடலுக்குள்ள எறங்குத பொம்பள நீதானா? நல்லா எறங்கு. என்னைக்காவது ஒருநா என் வெடிக்குப் பக்கத்துல நிப்ப."

அடுத்த மாதம் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை காலையில் சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். வெயிலுமுத்துவைக் காணவில்லை என்றார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கல்கிடங்குப் பக்கம் நடந்து போனவன் திரும்பி வரவில்லை. இது அவன் மனைவி சொர்ணத்தாய் சொன்னது. தீயணைப்புக்காரர்கள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியும் அகப்படவில்லை. அடிவரை இறங்கத் தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

அப்பா வேண்டாம் என்றார். அவளுக்குமே மனசு ஒப்பவில்லை. ஆனால் அவன் வெடி செய்ததற்கான தடயம் அந்தக் கிடங்கின் அடியில் கட்டாயம் இருக்கும். அதை நினைத்துத்தான் சம்மதித்தாள். கூட ஆராய்ச்சி செய்யும் லிங்கராஜ், முக்குளிக்கும் சாமான்களைத் தூத்துக்குடியிலிருந்து ஜீப்பில் கொண்டு வந்தான்.

கிடங்கின் கரையில் சொர்ணத்தாய் நின்றிருந்தாள். சத்யபிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கோலத்துல கெடந்தாலும் மேல கொண்டாந்துருங்க தாயி."

நல்ல உச்சி வெயில். சுற்றிலும் பருத்திக்காடு. கரையில் பாதி ஊர் கூடி நின்றது. சத்யபிரியாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை லிங்கராஜின் கையில் இருந்தது. ஒருதரம் இழுத்தால், "நலமா?" பதிலுக்கு ஒருதரம் இழுத்தால், "நலம்." மூன்றுதரம் இழுத்தால், "தூக்கு." பயப்பட ஒன்றுமே இல்லை.

இறங்கினாள்.

மேலே தண்ணீர் பச்சையாக இருந்தது. போகப்போகக் கறுத்தது. டார்ச் வெளிச்சம் ஒரு கை நீளத்துக்கு மேல் போகவில்லை. பாறைச்சுவர் முழுக்க வெடி தின்ற காயங்கள்.

முதலில்... உப்பு.

உதட்டோரம் கசிந்த தண்ணீர் கரித்தது. கிணற்று உவர்ப்பு இல்லை அது. வருஷக்கணக்காக அவள் நாக்குக்குப் பழகிய ருசி. கடல்.

அப்புறம் ஒரு மீன். வெளிச்சத்துக்குள் மெதுவாகப் புரண்டு வந்தது. நீலமும் பச்சையுமாக... கிளிமீன். வயிறு கிழிந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. மழைத்தண்ணீர் நிரம்பிய கல்கிடங்கில் கடல்மீன்.

கயிறு ஒருதரம் இழுபட்டது. லிங்கராஜ் கேட்கிறான். பதிலுக்கு ஒருதரம் இழுத்தாள்.

மறுபடியும் இழுபட்டது.

அப்போதுதான் பார்த்தாள். இடுப்பிலிருந்து மேலே போகவேண்டிய கயிறு தொய்ந்து, அவள் காலுக்குக் கீழே இருட்டுக்குள் போயிருந்தது. இழுப்பு அங்கிருந்து வந்தது.

டொக்... டொக்...

பாறையில் கண்ணாடி தட்டும் சத்தம்.

டார்ச்சைக் கீழே திருப்பினாள். அடியில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பிணம் மிதக்கும், இல்லையென்றால் சரிந்து கிடக்கும். இது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சட்டை மட்டும் அசைந்தது.

டொக்...

அவன் திரும்பினான்.

வெயிலுமுத்து. கண்கள் இரண்டும் அந்த மீனைப் போலவே வெளியே தள்ளியிருந்தன. இடது கையில் சோடா பாட்டில். அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தான். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. சதை நார் நாராகத் தண்ணீரில் ஆடியது.

பாட்டிலின் வாயில் திரி எரிந்தது...

அவள் பின்னால் உதைத்து நீந்தினாள். அவன் எழுந்து பாய்ந்தான். மணிக்கட்டோடு போன அந்த மொட்டைக் கை அவள் கழுத்தை வளைத்து இறுக்கியது. எலும்பு முனை தாடையைக் கீறியது.

காலில் கட்டியிருந்த கத்தியை உருவினாள். அவன் தோளில் குத்தினாள். எலும்பு வரை இறங்கியது. ரத்தம் வரவில்லை. பிடியும் தளரவில்லை.

டார்ச்சால் முகத்தில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். ஒரு கண் கழன்று தொங்கியது. டார்ச் அணைந்தது.

கும்மிருட்டு.

திரி மட்டும் சிவப்பாக... குட்டையாகிக்கொண்டே...

மூச்சுக்குழலை அவன் பல்லால் கவ்விப் பிடுங்கினான். வாய்க்குள் உப்பு. மூக்குக்குள் உப்பு.

கயிறு. ஒன்று. இரண்டு. மூன்று.

இடுப்பு வெட்டி இழுபட்டது. மேலே தூக்கினார்கள்.

அவனும் கூடவே வந்தான்.

திரி பாட்டிலுக்குள் நுழைந்தது...

கரையில் கண் விழித்தபோது காதிலும் மூக்கிலும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற யார் காதிலும் எந்தச் சத்தமும் விழவில்லை. லிங்கராஜ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்: வெடிச்சத்தம் இல்லை, தண்ணீரில் ஒரு கொப்பளிப்பு கூட இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எந்தப் பட்டாசு ஆலையில் விபத்து என்றுதான். இடது செவிப்பறை கிழிந்திருந்தது. விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ரத்தம் கன்றியிருந்தது.

டீசல் மோட்டார்கள் வைத்துக் கிடங்கை இறைத்தார்கள். அடியில் சேறும் பாட்டில் சில்லுகளும் இருந்தன. ஆள் இல்லை. மீன் இல்லை. வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர் நல்ல தண்ணீர்.

பத்து நாள் கழித்து, வெயிலுமுத்துவோடு கடலுக்குப் போன இரண்டு பேர் பிடிபட்டார்கள். அவன் காணாமல் போனதாகச் சொன்ன செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை விடியும்போது, படகில், பாட்டில் அவன் கையிலேயே வெடித்துவிட்டதாம். உடனே உயிர் போய்விட்டது. போலீசுக்குப் பயந்து உடம்பில் கல்லைக் கட்டிக் கடலுக்குள் பவளப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் லிங்கராஜ்தான் இறங்கி எடுத்தான். பிரேதப் பரிசோதனையும் அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போனது.

சப்-இன்ஸ்பெக்டர் சொர்ணத்தாயின் வீட்டுக்குப் போனார். காதில் கட்டோடு சத்யபிரியாவும் பிடிவாதமாகக் கூடப் போனாள். நீ கிழமையை மாற்றிச் சொல்லியிருக்கிறாய் அம்மா, அவன் திங்கட்கிழமையே செத்துவிட்டான் என்று அவர் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

சொர்ணத்தாய் தலையை ஆட்டி மறுத்தாள்.

"மாத்திச் சொல்லல சார். செவ்வாக்கிழமதான். நான்தான் சோறு போட்டேன். அவிய ஒண்ணும் பேசல. எடது கையாலதான் சாப்ட்டாவ. வலது கையத் துண்டால சுத்தி மடியில வச்சிருந்தாவ. மருந்து பட்டுச் சுட்டுருக்கும்னு நெனச்சு... நான் கேக்கல."