பாப்பாவுக்காக அக்கா மடித்து வைத்த சீனாக் கொழுக்கட்டை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு, "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு" என்றான் தம்பி. நல்லதை எழுதுகிறேன். கூடவே ஒரு பொய்யையும் எழுதியாக வேண்டும். அந்தப் பொய் என்னுடையது.

அக்கா உழவர்கரையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மணமாகி மூலக்குளம் வந்தார். மாமா சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போய் வந்தவர். மகள் பாப்பா எட்டாவது படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அதன்பின் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்தே அவளை வளர்த்தார். பங்குக்கு வந்த மனையை விற்று அவளைச் சீனாவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார். "பொட்டப் புள்ளய அவ்ளோ தூரமா?" என்று உறவுக்காரர்கள் இழுத்தபோது, "ஏன், ஏரோப்ளேன்ல பொம்பளைய ஏத்த மாட்டாங்களா?" என்று கேட்டு வாயடைத்தவர் அக்கா.

படித்துத் திரும்பியவளுக்கு நாக்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவள் ஆசைப்பட்டாளே என்று, கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து அக்கா சீனாக் கொழுக்கட்டை செய்யப் பழகினார். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, ஒட்டப் பிழிவார். அதோடு கோழிக் கொத்துக்கறி, இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். பூரிக்கட்டையால் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிசாகவும் தேய்த்து, பூரணம் வைத்து, பாவாடைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடித்து மூடுவார். தையல்காரி அல்லவா! மடித்ததை ஃப்ரீசரில் வைத்து, பாப்பா கேட்கும்போது வேகவைத்துக் கொடுப்பார். நான் மடித்தால் கொதிநீரில் விழுந்ததும் வாயைப் பிளந்துவிடும்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க எழுத வேண்டிய தேர்வில் பாப்பா இரண்டு முறை தவறினாள். ஆற்றாமையில் அக்கா, "உன்னால வெளிய தல காட்ட முடியல" என்று சொல்லிவிட்டார். அவள் கோபித்துக்கொண்டு, அதே தேர்வுக்குப் படிக்கச் சென்னைக்குப் போனாள். நான்கு மாதம் பேச்சே இல்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம வரேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது அக்கா மடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு மன்னிப்புலாம் கேக்க வராதுடி. இத அவ முன்னாடி வெச்சிட்டு சும்மா ஒக்காந்துக்கறேன். அவளுக்குப் புரியும்" என்றார். முடித்ததும் தட்டை ஃப்ரீசரில் வைத்தது நான்தான். மத்தியானம் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தங்கவில்லை.

சாவு வீட்டில் ஆக்கிய சோற்றையும் பிடித்து வைத்த தண்ணீரையும் கொட்டிவிடுவது நம் வழக்கம். "எல்லாத்தையும் வாரிக் கொட்டுங்கம்மா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். ரசம், தயிர், குடத்துத் தண்ணீர் என்று கொட்டிக்கொண்டே வந்தவள், அதே வேகத்தில் ஃப்ரீசரைத் திறந்து, நான் வைத்த தட்டையே எடுத்துக் குப்பை வாளியில் கவிழ்த்தேன். ஆக்கியது வேறு, பச்சையாக இருப்பது வேறு என்பதுகூடவா எனக்குத் தெரியாது? பாவி, கை செய்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது.

சேதி கேட்டு அன்று சாயங்காலமே பாப்பா வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்தவள் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். "சித்தி, அம்மா எனக்கு எதுவும் செய்யலையா?"

அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, "இல்லடி" என்றேன்.

"கோவம் போவல போல" என்றாள் அவள்.

அன்று முதல் அக்கா என்னை விடவில்லை. எந்த வீட்டில் பூரிக்கட்டை உருண்டாலும் திரும்பிப் பார்க்கிறேன். என் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் அந்தத் தட்டு இருக்கிறது. கண்ணை மூடித் திறந்தால் இல்லை. கனவில் வந்து திட்டினாலாவது பரவாயில்லை. மாவு ஒட்டிய கையோடு நின்று, "குடுத்தியாடி?" என்று மட்டும் கேட்கிறார். பாப்பாவோ மறுபடி தேர்வு எழுதமாட்டேன் என்கிறாள். "அம்மாவே என்ன வெறுத்துட்டுப் போயிடுச்சி. இனிமே எழுதி யாருகிட்ட காட்ட?" என்கிறாள். அதைக் கேட்டும் ஓராண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அக்காவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், காரியம் முடியும்வரை வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அக்காவோடு தைத்த தோழியருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

பாப்பா, உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஊரறிய அச்சில் சொல்கிறேன். உன் அம்மா செய்தார். தட்டு நிறையச் செய்தார். அதைக் கொட்டியவள் நான். உன் கோபம் முழுவதும் என்மேல் இருக்கட்டும், வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் அம்மாவை மட்டும் இனித் தப்பாக நினைக்காதே. அன்று காலை மடித்து முடிப்பதற்குள் எத்தனை முறை எழுந்துபோய்த் தெருவைப் பார்த்தார் தெரியுமா? நீ மறுநாள்தான் வருவாய் என்று அவருக்குத் தெரியும்.

உன் சித்தி